வாசகர் கேள்வி – பதில்: நீல ஜாடியும் ஐந்து சகோதரர்களும்

போன இதழில் ஜாம், ஊறுகாய் பற்றி எழுதும்போது அமெரிக்காவின் மேசன் ஜாடியை, அதாவது உணவை அடைத்து வைக்கிற திருகு மூடிக் கண்ணாடி ஜாடியைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருந்தேன். அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் ஒரே கதையைச் சுற்றி வருவதால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில்.

நியூஜெர்சியில் இருக்கும் என் மகள் பழைய சாமான் சந்தையில் ஒரு நீலக் கண்ணாடி ஜாடி வாங்கினாள். அதில் 'மேசன்ஸ் பேடண்ட், நவம்பர் 30, 1858' என்று புடைப்பு எழுத்து இருக்கிறது. நிஜமாகவே 160 வருஷத்துக்கும் மேல் பழையதா? — வாசகி, திருச்சி

பெரும்பாலும் இருக்காது. அது ஜாடி செய்த தேதி இல்லை, காப்புரிமை கிடைத்த தேதி. ஜான் லாண்டிஸ் மேசன் என்ற தகர வேலைக்காரருக்கு அப்போது 26 வயது. அதற்கு முன்னால் பழத்தையும் காயையும் கண்ணாடியில் அடைத்து வைப்பவர்கள் தகர மூடி போட்டு, சுற்றிலும் மெழுகை உருக்கி ஊற்றி அடைப்பார்கள். மெழுகில் ஒரு மயிரிழை விரிசல் விட்டால் உள்ளே இருப்பதெல்லாம் கெட்டுவிடும். கண்ணாடிக் கழுத்தில் மரை போட்டுத் திருகு மூடி மாட்டலாம் என்ற யோசனை மற்றவர்களுக்கும் வந்திருந்தது, ஆனால் மரை விளிம்பு வரைக்கும் ஓடினால் மூடி ஒழுங்காக உட்காராது. ஏனென்றால் கண்ணாடியை ஊதி முடித்ததும் குழலிலிருந்து உடைத்து எடுக்கிற இடம் அந்த விளிம்புதான், அது எப்போதும் கரடுமுரடாக இருக்கும். மேசன் செய்தது சின்னத் திருத்தம்: மரையை விளிம்புக்குக் கொஞ்சம் முன்பாகவே மெல்லத் தேய்ந்து மறையும்படி வார்த்தார். அப்போது மூடி தடையில்லாமல் கீழே இறங்கி, ஜாடியின் தோளில் இருக்கும் ரப்பர் வளையத்தை அழுத்தி அடைக்கும். இதுதான் அவருடைய முழுக் கண்டுபிடிப்பும்.

1879இல் அந்தக் காப்புரிமை காலாவதியானது. அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் அந்த ஜாடியைச் செய்யலாம் என்றாகிவிட்டது, செய்தார்கள், அதுவும் பல பத்து வருஷங்களுக்கு 1858 என்ற தேதியை அப்படியே அச்சில் வைத்துக்கொண்டு. ஏனென்றால் அந்த எழுத்து இருந்தால்தான் வாங்குகிறவர்கள் நம்பி வாங்கினார்கள். மேசன் 1902இல் நியூயார்க்கில் வறுமையில் இறந்தார். கோடிக்கணக்கான வீடுகளில் அவர் பெயர் பொறித்த பொருள் இருந்தது, அவர் கையில் காசு இல்லை. இந்தக் கதையில் எனக்கு இன்னும் மனசு ஆறாத இடம் இதுதான்.

மகளிடம் ஜாடியின் வாய் விளிம்பை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சொரசொரவென்று, அரத்தால் தேய்த்த மாதிரி மங்கலாக இருந்தால் அது வாயால் ஊதிய ஜாடி. அச்சுக்கு மேலே பொங்கி நின்ற உபரிக் கண்ணாடியை உடைத்து, விளிம்பைச் சாணை பிடித்திருப்பார்கள். அப்படியென்றால் பொதுவாக 1910க்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம். விளிம்பு வழுவழுப்பாக இருந்தால் இயந்திரத்தில் செய்தது. அடிப்பக்கத்தைத் திருப்பினால் கொஞ்சம் ஓரமாக விலகி, சிலும்பல் சிலும்பலாக ஒரு வட்டத் தழும்பு தெரிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தால் அது ஓவன்ஸ் இயந்திரத்தில் பிறந்தது. அந்த இயந்திரத்தைப் பற்றிக் கீழே வருகிறது.

மேசன் ஜாடிகளில் 'பால்' (Ball) என்று கூட்டெழுத்தில் ஒரு பெயர் இருக்கிறதே, அது யார்? — வாசகர், கோவில்பட்டி

பால் என்பது குடும்பப் பெயர். லூஷியஸ், வில்லியம், எட்மண்ட், ஃபிராங்க், ஜார்ஜ் என்று ஐந்து சகோதரர்கள், நியூயார்க் மாநிலத்துக்காரர்கள். 1880இல் பஃபலோ நகரத்தில் பாதிரியாரான சிற்றப்பா ஒருவரிடம் 200 டாலர் கடன் வாங்கி, ஃபிராங்கும் எட்மண்டும் ஒரு சின்னக் கம்பெனியை விலைக்கு எடுத்தார்கள். அந்தக் கம்பெனி செய்தது ஜாடி இல்லை. பெயின்ட், வார்னிஷ், மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிற தகர டின்னைச் சுற்றி மரச் சட்டை போட்டு விற்பது அதன் வேலை.

மண்ணெண்ணெய் தகரத்தை அரித்தது. சரி, உள்ளே கண்ணாடி வைக்கலாம் என்று மாற்றினார்கள். கண்ணாடியை வெளியிலிருந்து வாங்குவதற்குப் பதில் நாமே ஊதினால் என்ன என்று ஒரு சின்ன உலை போட்டார்கள். உலை போட்ட பிறகுதான் மேசனின் காப்புரிமை முடிந்துபோன விஷயம் அவர்கள் கண்ணில் பட்டது. 1884 முதல் பழ ஜாடிகள் செய்ய ஆரம்பித்தார்கள். ஆக, உலகம் அவர்களை எதற்காக அறிந்திருக்கிறதோ அந்தப் பொருளுக்கு அவர்கள் வந்து சேர்ந்தது மண்ணெண்ணெய் டின் ஒழுகியதால். 1886இல் பஃபலோ தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது.

நியூயார்க்கில் இருந்தவர்கள் இண்டியானாவில் மன்சி என்ற ஊருக்கு ஏன் போனார்கள்? நீல நிறம் எப்படி வந்தது? — வாசகர், சேலம்

இரண்டுக்கும் பதில் மண்ணுக்குள் இருக்கிறது.

கண்ணாடித் தொழிலில் பெரிய செலவு எரிபொருள். மணலும் சோடாவும் சுண்ணாம்பும் உருகிப் பாகாக வேண்டுமானால் உலை இரவு பகல் அணையாமல் 1,400, 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். 1880களின் நடுவில் கிழக்கு இண்டியானாவில் துளை போட்ட இடமெல்லாம் இயற்கை எரிவாயு பீய்ச்சியடித்தது. அங்கே இருந்த சின்னச் சின்ன ஊர்கள் போட்டி போட்டுக்கொண்டு தொழிற்சாலைகளை அழைத்தன. தங்கள் ஊரில் எவ்வளவு வாயு கொட்டிக் கிடக்கிறது என்று காட்ட, கிணற்று வாயிலேயே தீ வைத்து இரவும் பகலும் எரியவிட்டார்கள். வருகிற முதலாளிகள் ரயிலில் இருந்தே அந்தத் தீப்பந்தங்களைப் பார்க்க வேண்டும் என்பது நோக்கம். எவ்வளவு பெரிய செல்வம் அப்படி வானத்துக்குப் போனது என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஃபிராங்க் அந்தப் பக்கத்து ஊர்களை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். மன்சிக்காரர்கள் 5,000 டாலர் ரொக்கம், 7 ஏக்கர் நிலம், இலவச வாயு என்று சொன்னார்கள். 1887இல் ஒப்புக்கொண்டு, 1888இல் மன்சியில் உலை மூட்டினார்கள். வாயு ரொம்ப நாள் நிற்கவில்லை. 1900க்குப் பிறகு சில வருஷங்களிலேயே அழுத்தம் குறைந்து, வாயுவை நம்பி வந்த பல கண்ணாடிக் கம்பெனிகள் மூடிவிட்டுப் போயின. பால் சகோதரர்கள் நிலக்கரிக்கு மாறிக்கொண்டு அங்கேயே தங்கினார்கள். மற்றவர்கள் போனதும் இவர்கள் நின்றதும்தான் அந்தத் தொழிலில் இவர்களைப் பெரியவர்களாக்கியது என்று நான் நினைக்கிறேன். நின்றவர்கள் போகிறவர்களின் ஆலைகளை விலைக்கும் வாங்கிப்போட்டார்கள்.

நீலத்துக்கு வருவோம். மிச்சிகன் ஏரிக்கரையில் மிச்சிகன் சிட்டி என்ற ஊர். அங்கே ஹூசியர் ஸ்லைடு என்று ஒரு மணற்குன்று, ஏறத்தாழ 200 அடி உயரம். உச்சியில் ஏறி நின்று ஏரியைப் பார்க்கவே ஜனங்கள் ரயிலில் வருவார்களாம். அந்த மணலைத் தள்ளுவண்டி தள்ளுவண்டியாக அள்ளி ரயில் பெட்டிகளில் ஏற்றிக் கண்ணாடி ஆலைகளுக்கு அனுப்பினார்கள், பால் சகோதரர்களும் வாங்கினார்கள். மணலில் கலந்திருந்த இரும்புதான் அந்த ஜாடிகளுக்கு, கடலின் ஆழம் குறைந்த இடத்தில் தெரிகிற மாதிரி ஒரு பச்சை கலந்த நீலத்தைக் கொடுத்தது. சேகரிப்பவர்கள் அந்த நிறத்தையே 'பால் நீலம்' என்கிறார்கள். 1890 வாக்கில் அள்ள ஆரம்பித்து, முப்பது வருஷத்தில் குன்று முழுசும் காணாமல் போனது. அந்த இடத்தில் பிற்பாடு மின்சார நிலையம் கட்டினார்கள். 1930களில் நிறமில்லாத தெளிவான கண்ணாடிக்குக் கம்பெனி மாறியது, நீல ஜாடி நின்றது. உங்கள் அலமாரியில் நீல ஜாடி இருந்தால் அந்தக் குன்றின் ஒரு பிடி அதில் இருக்கலாம்.

வெறும் மூடி எப்படி மாதக்கணக்கில் உணவைக் காக்கிறது? — வாசகி, யாழ்ப்பாணம்

காப்பது மூடி இல்லை, வெற்றிடம். பழத்தை நிரப்பி, மூடியைத் தளர்வாக வைத்து, ஜாடியைக் கொதிநீரில் மூழ்கவைத்தால் உள்ளே இருக்கிற காற்று வெளியேறும். ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடிக்கும். மேசனின் மூடி துத்தநாகத்தால் ஆனது, புளிப்புப் பட்டால் அரித்துப் பண்டத்துக்கு ஒரு உலோக வாடை வரும். 1869இல் லூயிஸ் பாய்ட் என்பவர் மூடியின் உட்புறத்தில் வெள்ளைக் கண்ணாடித் தட்டைப் பொருத்தி அதைத் தீர்த்தார். இன்றைக்குக் கிடைக்கிற மெல்லிய தட்டு மூடி, ஓரத்தில் ரப்பர் மாதிரிப் பூச்சோடு வருவது, அலெக்சாண்டர் கெர் என்பவருடைய கம்பெனி 1915 வாக்கில் கொண்டுவந்தது. அவர்தான் பால் சகோதரர்களுக்குப் பெரிய போட்டியாளர்.

ஒன்று மட்டும் கவனம். ஜாம், ஊறுகாய் மாதிரி புளிப்புள்ள பண்டத்துக்குக் கொதிநீர் போதும். பீன்ஸ், சோளம், இறைச்சி போன்ற புளிப்பில்லாதவற்றுக்குப் போதாது. பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் 100 டிகிரியில் சாவதில்லை, அதற்கென்று செய்த அழுத்தக் கலத்தில் 115 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அமெரிக்காவில் இதில் கவனக்குறைவால் குடும்பம் குடும்பமாகச் செத்திருக்கிறார்கள். தயவுசெய்து ஊகத்தில் செய்து பார்க்காதீர்கள்.

இத்தனை ஜாடிகளை யார் ஊதினார்கள்? குழந்தைகள் வேலை செய்ததாகப் படித்தேன். — வாசகர், சிவகாசி

உண்மைதான், இதை நீங்கள் சிவகாசியிலிருந்து கேட்டதை மதிக்கிறேன்.

அன்றைய அமெரிக்கக் கண்ணாடி ஆலை எதிலும் ஊதுகிற மேஸ்திரி தனியாக வேலை செய்ய மாட்டார். ஒருவர் உலைக்குள் குழலை விட்டுப் பாகைச் சுற்றி எடுப்பார், மேஸ்திரி வாங்கி ஊதுவார். அவர் காலடியில் ஒரு பையன் குந்தி உட்கார்ந்து இரும்பு அச்சைத் திறந்து மூடுவான். இன்னொரு பையன் சூடான புட்டியைக் கிடுக்கியில் பிடித்து வாய் திருத்தக் கொடுப்பான். இன்னும் இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு, மெல்ல ஆறவைக்கிற சூளைக்கு ஓடுவார்கள், திரும்ப ஓடி வருவார்கள், இரவு ஷிப்டு முழுக்க. லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் 1908இல் இண்டியானாவின் கண்ணாடி ஆலைகளில் நள்ளிரவில் எடுத்த படங்கள் இருக்கின்றன. கரி படிந்த முகத்தோடு காமிராவைப் பார்க்கிற அந்தப் பையன்களில் பலருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதுதான் இருக்கும்.

அதை மாற்றியதில் சட்டத்துக்கு எவ்வளவு பங்கோ, அதே அளவு இயந்திரத்துக்கும் பங்கு உண்டு. ஃபிராங்க் பால் பெயரிலேயே 1898இல் ஒரு பாதித் தானியங்கி இயந்திரம் வந்தது. ஊதுகிற திறமைசாலி இல்லாமலே ஜாடி வார்க்கலாம், ஆனால் பாகை அள்ளிப் போட இன்னும் ஆள் வேண்டும். ஓஹையோ மாநிலம் டொலிடோவில் மைக்கேல் ஓவன்ஸ் 1903இல் கொண்டுவந்ததுதான் முழுத் தானியங்கி. அது உலைப் பாகைத் தானே உறிஞ்சி எடுத்து, தானே ஊதி, தானே இறக்கி வைக்கும். உறிஞ்சியதும் கீழே கத்தி வெட்டுகிற தடம்தான் முதல் பதிலில் சொன்ன வட்டத் தழும்பு. ஓவன்ஸே பத்து வயதில் மேற்கு வர்ஜீனியாவில் கண்ணாடி ஆலைக்குள் கூலிப் பையனாக நுழைந்தவர். அவருடைய இயந்திரம் வந்த பிறகு பையன்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது, பரம்பரையாக ஊதிய மேஸ்திரிகளுக்கும் போனது. பையன்கள் போனதில் எனக்குச் சந்தோஷம். மேஸ்திரிகள் கதை வேறு. அமெரிக்கத் தொழிலாளர்களில் மிக நல்ல கூலி வாங்கியவர்கள் வரிசையில் இருந்தவர்கள், ஒரே தலைமுறையில் கைத்தொழில் போய் நின்றார்கள்.

பால் குடும்பம் ஊருக்கு நல்லது செய்ததா, ஊரை வளைத்துப் போட்டதா? — வாசகர், மதுரை

இரண்டும். 1917இல் மன்சியில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நொடித்து ஏலத்துக்கு வந்தது. சகோதரர்கள் 35,100 டாலருக்கு நிலத்தையும் கட்டடத்தையும் எடுத்து மாநில அரசுக்குத் தானமாகக் கொடுத்தார்கள். அதுதான் இன்றைய பால் ஸ்டேட் பல்கலைக்கழகம். 1929இல் மருத்துவமனை வந்தது. பல்கலைக்கழக வளாகத்தில் ஐந்து சகோதரர்களுக்காக ஐந்து தூண்கள் நிற்க, முன்னால் ஒரு பெண்ணின் வெண்கலச் சிலை இருக்கிறது. லிங்கன் நினைவிடத்துச் சிலையைச் செய்த டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச் செய்தது, 1937இல் திறந்தார்கள்.

அதே 1937இல்தான் சமூகவியல் ஆய்வாளர்களான ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் தம்பதியரின் ஒரு நூலும் வந்தது. ஊர்ப் பெயரையும் குடும்பப் பெயரையும் மறைத்து, 'எக்ஸ் குடும்பம்' என்று குறிப்பிட்டு, அந்த ஊரில் வேலை, வங்கி, மருத்துவம், படிப்பு, தர்மம் எதைத் தொட்டாலும் ஒரே வீட்டின் கை அங்கே இருக்கிறது என்று விவரமாக எழுதினார்கள். யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. கொடுக்கிற கை நல்ல கையாகவே இருந்தாலும், அது ஒரே கையாக இருந்தால் எதிர்த்துப் பேச ஊரில் இடம் இருக்காது. மருத்துவமனையும் கல்லூரியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லிண்ட் தம்பதியர் எழுதியதையும் சேர்த்தே அந்தத் தூண்களைப் பார்க்க வேண்டும்.

ஜாடிக் கம்பெனி விண்வெளித் தொலைநோக்கிக்குக் கருவி செய்தது என்கிறார்களே, நம்பவே முடியவில்லை. — மாணவர், நாகர்கோவில்

நம்புங்கள். இதற்கு நீதிமன்றத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

1930களில் கண்ணாடி இயந்திரங்களின் காப்புரிமைகள் ஹார்ட்ஃபோர்ட் எம்பயர் என்ற நிறுவனத்திடமும் இன்னும் சில பெரிய நிறுவனங்களிடமும் குவிந்து கிடந்தன. யார் எந்த வகைப் புட்டி செய்யலாம், யார் செய்யக்கூடாது என்பதை உரிமப் பத்திரங்கள் மூலமாகவே தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். பால் சகோதரர்கள் கம்பெனியும் அதில் ஒரு பங்காளி. அமெரிக்க அரசு வழக்குப் போட்டது, 1945இல் உச்ச நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக இனிமேல் வேறு கண்ணாடிக் கம்பெனிகளை வாங்கக்கூடாது என்று இவர்களுக்குத் தடை விழுந்தது. அதற்குள் சந்தையும் மாறிக்கொண்டிருந்தது. போர்க்காலத்தில் வீட்டுத் தோட்டமும் வீட்டு ஜாடியும் தேசக் கடமையாகவே இருந்தன, 1943இல் மட்டும் அமெரிக்க வீடுகளில் 400 கோடிக்கும் மேற்பட்ட ஜாடிகளையும் டின்களையும் அடைத்தார்கள். போர் முடிந்ததும் கடை டின்னும் உறைபதனப் பெட்டியும் வந்துவிட்டன.

கண்ணாடியில் வளர வழியில்லை, வேறு தொழில் தேட வேண்டும். 1950களில் கொலராடோ மாநிலம் போல்டரில் எடை பார்க்கும் புதுக் கருவி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்த சிறு நிறுவனத்தை, ஆலையில் மணல் நிறுக்க உதவும் என்று வாங்கினார்கள். அந்தக் கருவி தேறவில்லை. ஆனால் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ராக்கெட்டில் வைத்த கருவியைச் சூரியன் பக்கமே திரும்பி நிற்கவைக்கும் வேலையில் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள், அவர்களைச் சேர்த்துக்கொண்டு 1956இல் ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கினார்கள். 1962 மார்ச் 7ஆம் தேதி நாசா ஏவிய முதல் சூரிய ஆய்வுச் செயற்கைக்கோள் அவர்கள் கட்டியது.

ஹபிள் தொலைநோக்கி 1990இல் மேலே போனதும் அதன் ஒளி குவிக்கும் ஆடி தவறாகத் தேய்க்கப்பட்டிருந்ததால் படங்கள் மங்கலாக வந்தது நினைவிருக்கலாம். விளிம்பில் இருந்த பிழை, தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் எடுத்துப்போய்ப் பொருத்திய கோஸ்டார் என்ற திருத்தக் கருவியை, டெலிபோன் பூத் அளவு பெட்டி அது, செய்தது இந்த நிறுவனம்தான். வேறு சூரியன்களைச் சுற்றும் கிரகங்களைத் தேடிய கெப்லர், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 18 ஆடித் துண்டுகள் எல்லாவற்றிலும் இவர்கள் வேலை உண்டு. அந்த விண்வெளிப் பிரிவை 2024 பிப்ரவரியில் பிரிட்டனின் பிஏஇ சிஸ்டம்ஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள், ஏறத்தாழ 560 கோடி டாலருக்கு.

இப்போதும் அவர்கள் ஜாடி செய்கிறார்களா? இந்தியாவில் உண்டா? — வாசகர், வேலூர்

இல்லை. மன்சியில் கண்ணாடி உலை 1962லேயே அணைந்துவிட்டது. 1969இல் கொலராடோவில் ஒரு அலுமினியக் கேன் கம்பெனியை வாங்கியதிலிருந்து பானக் கேன்கள் பக்கம் சாய்ந்தார்கள். 1993இல் வீட்டு ஜாடித் தொழிலைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டார்கள். மற்ற கண்ணாடிப் புட்டித் தொழிலை 1995இல் பிரான்சின் செயின்ட் கோபைனோடு கூட்டாக்கி, அடுத்த வருஷமே தங்கள் பங்கையும் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். இன்றைக்கு அமெரிக்கக் கடைகளில் அந்தக் கூட்டெழுத்துப் பெயரோடு விற்கிற ஜாடிகள் நியூவெல் பிராண்ட்ஸ் நிறுவனத்தினுடையவை, பெயரை மட்டும் உரிமத்தில் பயன்படுத்துகிறார்கள். 1998இல் தலைமையகமும் மன்சியை விட்டுக் கொலராடோ போனது.

பால் கார்ப்பரேஷன் இப்போது உலகத்திலேயே மிகப் பெரிய அலுமினிய பானக் கேன் தயாரிப்பாளர். இந்தியாவில் மும்பை பக்கம் தலோஜாவிலும், சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியிலும் அவர்களுக்கு ஆலைகள் இருக்கின்றன. அங்கே செய்வது கேன் மட்டும்தான், ஜாடி இல்லை.